பழைய சிப்பை அமிலத்தில் போட முன்னர்



நாம் சிலர் பழைய கொம்பியூட்டர் சிப்களைச் சேர்த்து வருவது உங்களில் பலருக்குத் தெரியும். "இதால என்ன பிரயோசனம் சேர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்பது வேறு: "சேர், இதுக்குள்ள எவ்வளவு தங்கம் இருக்கு?" இந்த இரண்டாவது கேள்விதான் எம்மை எழுத வைத்தது.

தங்கம் இருக்கிறது, பொய்யில்லை. 1990களின் செராமிக் சிப்களில் பின்களுக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். அதனால்தான் உலகெங்கும் பழைய சாமான் வியாபாரிகள் அவற்றைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். அமிலத்தில் கரைத்துத் தங்கம் எடுக்கும் வீடியோக்களும் ஏராளம். நைத்திரிக் அமிலப் புகை நுரையீரலை என்ன செய்யும் என்பதை விஞ்ஞானம் படிப்பிக்கும் எந்த ஆசிரியரிடமும் கேளுங்கள். கழிவை ஊற்றுவது எங்கே? கிணறு உள்ள வளவுக்குள்ளேதான். கிடைப்பதோ ஒரு சிப்புக்குத் தூசளவு. பிள்ளைகளை இதில் இறங்க விடாதீர்கள். இதில் எமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் அமிலத்தில் கரைவது உலோகம் மட்டுமல்ல. அந்தச் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்துகளும் அதோடு போய்விடுகின்றன. எமக்கு அதுதான் பெரிய கவலை.

நாம் சேர்ப்பது எல்லாச் சிப்களையும் அல்ல, தரமுயர்த்தும் சிப்களை மட்டும். புதுக் கொம்பியூட்டர் வாங்க வசதியில்லாதவர் பழையதன் மூளையை மட்டும் மாற்றிக்கொள்வதற்காக விற்கப்பட்டவை இவை. இன்டெல் நிறுவனம் 1992இல் 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில் இவற்றைக் கொண்டுவந்தது. 25 மெகாஹேர்ட்ஸ் 486 இயந்திரத்தில் போட்டால் சிப்பின் உள்ளே 50 ஓடும், தாய்ப்பலகை பழைய வேகத்திலேயே இருக்கும். பின்னர் 100 மெகாஹேர்ட்ஸ் டீஎக்ஸ்4 ஓவர்டிரைவ் வந்தது. அந்தச் சிப்புக்குத் தேவை 3.3 வோல்ட், பழைய பலகை கொடுப்பது 5 வோல்ட். ஆகவே வோல்ட்டைக் குறைக்கும் சிறு சுற்றையும் சிப்போடேயே சேர்த்துவிட்டார்கள். உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்குக் கடிகார வேகம் என்றால் என்ன, பாட்டை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எம்மிடம் இல்லை.

எல்லாம் நல்ல சாமான் என்றும் நாம் சொல்லவில்லை. பென்டியம் ஓவர்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வருமென்று நம்பிப் பலர் அதற்கான சொக்கட் உள்ள பலகைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக் காத்திருந்தார்கள். 63, 83 மெகாஹேர்ட்ஸ் சிப்கள் 1995இல் கடைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. பதுக்கு நினைவகத்தை முதல் பென்டியத்தைப் போல் இரு மடங்காக்கி 32 கிலோபைட் கொடுத்தும், 486 பலகையின் 32 பிட் பாட்டை அதைக் கட்டிப்போட்டது. அதே ஆண்டு வந்த ஏஎம்டீயின் 133 மெகாஹேர்ட்ஸ் 5எக்ஸ்86 சாதாரண வேலைகளில் அதனோடு தாராளமாகப் போட்டி போட்டது. தசமக் கணக்கில் மட்டும் பென்டியம் ஓவர்டிரைவை நெருங்க முடியவில்லை. 1996இல் வந்த குவேக் விளையாட்டை ஓட்டியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். சிப்பை அலுமாரியில் அடுக்கி வைப்பவர் சேகரிப்பாளர் ஆகிவிட மாட்டார் என்பது எமது உறுதியான கருத்து. இதைச் சொன்னால் சில நண்பர்கள் கோபிக்கிறார்கள், கோபிக்கட்டும். எழுதி வைக்காத சேகரிப்பு, வைத்தவர் போனதும் குப்பையாகிவிடும். பிள்ளைகளுக்கு எது எது என்று தெரியாது, பழைய இரும்புக்காரருக்கு நிறை மட்டும்தான் தெரியும்.

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. 486 ஓவர்டிரைவ்களில் ஒரு வகைக்கு 169 பின், இன்னொன்றுக்கு 168. முதலாவது பலகையில் உள்ள மேலதிக சொக்கட்டில் போடுவது. இரண்டாவது பழைய சிப்பைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் போடுவது, பெயரின் முன்பகுதியில் ஓர் 'ஆர்' கூடுதலாக இருக்கும். படம் எடுத்தால் மேற்பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆகவேதான் கீழ்ப்பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்கிறோம். 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி எந்தப் பதிப்பு என்று சொல்லும். தொகுதி இலக்கத்தின் இரண்டாவது இடம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். சிலவற்றில் 'மலாய்' என்றும் இருக்கும். எமது மலாய்ச் சகோதரர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மலேசியத் தொழிற்சாலையைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள்!

சிக்கலானவையும் உண்டு. 487எஸ்எக்ஸ் கணிதத் துணைச் சிப் என்று விற்கப்பட்டது. உண்மையில் அது முழுமையான 486. அதைப் போட்டவுடன் பக்கத்திலிருந்த 486எஸ்எக்ஸ் வேலையை நிறுத்திவிடும். இதைத் துணைச் சிப் என்று எழுதுவதா, தரமுயர்த்தும் சிப் என்று எழுதுவதா? கிங்ஸ்டன் டர்போசிப் 133 பெட்டியில் கிங்ஸ்டன் பெயர், மின்விசிறிக்குக் கீழே இருப்பதோ ஏஎம்டீயின் சிப். எந்தப் பெயரில் எழுதுவது? விற்ற பெயர் ஒரு நிரலில், உள்ளே இருப்பது அடுத்த நிரலில் என்று இரண்டையும் எழுதுவதே நேர்மை என்பது எமது நிலைப்பாடு. பார்ப்பதற்காக மின்விசிறியைப் பிடுங்க வேண்டாம், இயக்கி ஒரு மென்பொருளால் கேட்டாலே சிப் தன் பெயரைச் சொல்லும். அந்த நாட்களில் குறைந்த வேகச் சிப்பின் எழுத்தைச் சுரண்டிக் கூடிய வேகம் அச்சிட்டு ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே குறித்துவிட வேண்டும்.

இவை ஏழைகளின் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவின் சான்டியா ஆய்வுகூடத்தில் இருந்த ஆஸ்கி ரெட், ஒரு டெராஃப்ளொப் எல்லையைத் தாண்டிய முதல் கொம்பியூட்டர். 1999இல் அதன் 9,000க்கும் மேற்பட்ட 200 மெகாஹேர்ட்ஸ் சிப்களைக் கழற்றிவிட்டு 333 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2 ஓவர்டிரைவ்களைத்தான் போட்டார்கள்.

எமது பாடசாலைப் பொருட்பதிவேடுகளில் 'கணினி – 1, பழுது' என்று ஒரு வரிதான் இருக்கும். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் எழுதுவதில்லை. ஏலத்தில் போன பிறகு தேடிப் பயனுமில்லை.

உங்கள் வீட்டு மச்சிலோ கடைப் பின்னறையிலோ பழைய கொம்பியூட்டர் கிடந்தால் விற்க முன்னர் எமக்கொரு செய்தி போடுங்கள். சிப்பை நாம் கேட்கவில்லை, அது உங்களுடையது. இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்தப் பலகையில் இருந்தது, யார் எந்த வருடம் வாங்கியது என்று எழுதிக்கொள்வோம். பெட்டியோ பற்றுச்சீட்டோ இருந்தால் அதையும் எறியாதீர்கள். பின்களை வளைக்காமல், காய்ந்த கையால் ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள்.