கதவுல பேர் எழுதினாப் போதுமாங்க?

போன வாரம் சென்னை போயிருந்தேன். தம்பி மகனுக்குப் பொண்ணு பொறந்து அஞ்சு மாசம் ஆச்சு. மருமக தாய் வீட்டுல இருந்து குழந்தையோட வந்துட்டாள்னு போன் வந்துச்சு. பேத்தியைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோடவா போறது? ஒரு மூட்டை தேங்காய், ஒரு தார் வாழைப்பழம், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை எல்லாம் கட்டிக்கிட்டு ஈரோட்டுல ரயில் ஏறினேன். பழைய மகாபலிபுரம் ரோட்டுல அடுக்குமாடி வீடு, பதினொன்னாவது மாடி. லிஃப்ட்டுல கூட வந்த ஒரு அம்மா என் மூட்டையையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. தேங்காயைத்தான் கொண்டு போறேன்னு சொல்லிடலாமான்னு யோசிக்கறதுக்குள்ள அவங்க மாடி வந்துடுச்சு.

உள்ளே போய் ஒரு வாய் தண்ணி குடிக்கல, "பெரீப்பா, முதல்ல பாப்பா ரூமைப் பாருங்க"ன்னு கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான்.

மூணு சுவரு ரோஸ் பெயின்ட். நாலாவது சுவருல மேகம், வானவில், ஒத்தைக் கொம்பு வெச்ச வெள்ளைக் குதிரை போட்ட காகிதம் ஒட்டியிருக்கு. மேலே நட்சத்திர லைட். வெள்ளை மரக்கட்டில், அதுக்கு ராணி மாதிரி வலை. கட்டிலைச் சுத்திப் பஞ்சு மெத்தை வெச்ச தடுப்பு, உள்ளே ஏழெட்டுப் பொம்மை, இதயம் மாதிரி தலகாணி. கதவுல குழந்தை பேரை மரத்துல வெட்டி ஒவ்வொரு எழுத்தா ஒட்டியிருந்தாங்க, இங்கிலீஷ்ல.

"எவ்வளவு ஆச்சு சாமி?"

"ஒன்னே முக்கால் லட்சம் பெரீப்பா. மொத்தமாப் பேசி விட்டுட்டேன். அவங்களே எல்லாம் பண்ணிக் குடுத்துட்டாங்க."

எல்லாம் இருந்துச்சு. குழந்தையைத்தான் காணோம்.

எம் பேத்தி பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்தா. இரும்பு ஸ்டாண்டுல சம்பந்தியம்மா கட்டிவிட்ட தூளி. துவைச்சுத் துவைச்சு நூலே தெரியற அளவுக்கு நைஞ்ச அவங்க காட்டன் சேலை. அந்த ரூம்ல படுக்க வெச்சா வீல்னு கத்தறாளாம். வந்ததுல இருந்து அங்கே போட்டோ எடுக்க மட்டும்தான் தூக்கிட்டுப் போறாங்களாம்.

இதைப் படிக்கற பட்டணத்துக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. உங்க காசு, உங்க வீடு. ஆனா அந்த ரூம் குழந்தைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. பொறந்த குழந்தைக்கு ஒரு அடிக்கு அந்தப் பக்கம் எல்லாமே மங்கல்தான். நிறத்தை நல்லாப் பிரிச்சுப் பாக்கவே நாலஞ்சு மாசம் ஆகும். அதுக்குத் தெரியறதெல்லாம் பால் குடிக்கறப்ப தெரியற அம்மா மூஞ்சி, அந்தச் சூடு, அந்த வாசம். பழைய சேலையில தூளி கட்டறது கஞ்சத்தனத்துல இல்லைங்க. கஞ்சி எல்லாம் போயி, முரட்டுத்தனம் போயி, ஆள் வாசம் மட்டும் மிஞ்சின துணி அது. (தூளியிலயும் ஆபத்து இருக்கு. கழுத்து மடங்கிடாம, மூஞ்சியைத் துணி மூடாம பக்கத்துலயே ஆள் இருக்கணும். எங்க ஊரு நர்சம்மா இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வத்திட்டாங்க.)

இந்தத் தனி ரூம் பழக்கம் எங்கிருந்து வந்துச்சோ, அந்த அமெரிக்காவுலயே குழந்தை மருத்துவர்கள் என்ன சொல்றாங்க தெரியுங்களா? குறைஞ்சது ஆறு மாசமாவது குழந்தை அப்பா அம்மா ரூம்லயே, தனிப் படுக்கையில தூங்கட்டும்ங்கறாங்க. கட்டிலுக்குள்ள தலகாணி, பொம்மை எதுவும் வேண்டாம், வெறும் விரிப்பு போதும்ங்கறாங்க. கட்டிலைச் சுத்தி வைக்கற அந்தப் பஞ்சுத் தடுப்பை விக்கவே கூடாதுன்னு 2022ல அங்கே சட்டமே போட்டுட்டாங்க, மூச்சு முட்டிக் குழந்தைங்க செத்ததால. இங்கே அதையே காசு குடுத்து வாங்கி அழகுக்கு வெக்கறோம். சொன்னதும் மருமக அன்னைக்கே எடுத்துப் பரண்ல போட்டுட்டா. நல்ல புள்ள.

பெயின்ட் வாசமும் இன்னும் போகல. ஏசி போடறதால ஜன்னலைத் திறக்கறதே இல்லை. நாங்க மருந்தடிச்ச காட்டுக்குள்ள ரெண்டு நாளைக்கு ஆட்டைக்கூட விடமாட்டோம்.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். ஜன்னலைத் திறந்தா சரியாப் போயிடும். எனக்கு உறுத்தினது அந்த ரோஸ் கலர். பொண்ணுன்னா ரோஸுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு? எங்கப்பாரு நோம்பிக்குக் கட்டின உருமாலை ரோஸ்தான். அமெரிக்காவுலயே நூறு வருஷத்துக்கு முன்னாடி பையனுக்கு ரோஸ், பொண்ணுக்கு நீலம்னு எழுதின துணி வியாபாரப் பத்திரிகை உண்டு. அப்புறம் கடைக்காரங்க மாத்தினாங்க. அங்கே ஸ்கேன்லயே என்ன குழந்தைன்னு சொல்லிடறதால, பொறக்கறதுக்கு முன்னாடியே ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுடறாங்க. கடைக்கும் நல்ல யாவாரம். முதல் குழந்தைக்கு வாங்கினது ரெண்டாவதுக்கு ஆகாது பாருங்க.

நம்ம ஊர்ல ஸ்கேன்ல சொல்ல மாட்டாங்க. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? சொன்னா வயித்துலயே கலைச்சுடுவோம்னு 1994ல சட்டம் போட்டு வாயைக் கட்ட வேண்டியதாப் போச்சு. அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி, 1992ல, ஜெயலலிதா ஆட்சியில சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. கள்ளிப்பால் ஊத்திக் கொல்லாதீங்க, வேண்டாம்னா இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போயிடுங்கன்னு ஒரு அரசாங்கம் தன் சனங்ககிட்டயே கெஞ்சுச்சு. அந்தத் தொட்டிலுக்கு மேலே நட்சத்திரம் தொங்கல. அதனால கிராமம்னா சொர்க்கம், பட்டணம்னா நரகம்னு நான் பேச வரல. அப்படிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தக் காலத்துல இருந்து, பொண்ணு பொறந்ததுக்கு ஆசை ஆசையா ரூம் கட்டற அளவுக்கு வந்திருக்கோம். என் தம்பி மகன் கண்ணுல இருந்த சந்தோஷம் நிசம்.

ஆனா மத்தியானம் சாப்பிடறப்ப ஒரு பேச்சு வந்துச்சு. என் தம்பி சம்சாரம் சாதாரணமாத்தான் சொன்னா: "ரூமுக்கு இவ்வளவு செலவு வேண்டாம்னு சொன்னேனுங்க மாமா. நாளைக்கே ஒரு பையன் பொறந்தா அவனுக்குத்தானே அந்த ரூம்? இவ இன்னொரு வீட்டுக்குப் போற புள்ளதானே?"

யாரும் எதுவும் சொல்லல. என் தம்பி ரசம் கேட்டான். மருமக தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஊத்தினா.

கதவுல பேர் ஒட்டி அந்த அஞ்சு மாசக் குழந்தைக்குக் குடுத்தது அவ்வளவுதாங்க. பசை காயறதுக்குள்ள பேரை எடுக்கப் பேச்சு ஆரம்பிச்சாச்சு.

எனக்கு அந்தச் சோறு இறங்கல. ஏன்னா இதே பேச்சை நானும் பேசியிருக்கேன். எங்களுக்கு ஒரு தங்கச்சி. 1993ல கல்யாணம். அவ படுத்துக்கிட்டு இருந்த உள்ரூம்ல அடுத்த போகத்துக்கே உர மூட்டை அடுக்கிட்டோம். இன்னைக்கும் நோம்பிக்கு வந்தா ஆசாரத்துல பாய் போட்டுத்தான் படுக்கறா. அப்பா 2004ல போயிட்டாரு. உயில் எதுவும் இல்ல. அஞ்சு ஏக்கர், கிணறு. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சரி பங்குன்னு 1989லயே கலைஞர் ஆட்சியில சட்டம் வந்தாச்சு. அதுக்கு அப்புறம்தான் அவளுக்குக் கல்யாணமே ஆச்சு. சட்டம் தெரியாம ஒன்னும் இல்ல. தெரிஞ்சுதான் கருமாதி முடிஞ்ச மாசமே சார் பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். ஒரு பட்டுச் சேலை, அம்பதாயிரம் ரூபாய், விடுதலைப் பத்திரம். எழுத்தர் படிச்சுக் காட்டறேன்னாரு. "எதுக்குங்க, அண்ணனுங்க எனக்குக் கெடுதலா பண்ணுவாங்க"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டா.

தம்பி அவன் பங்குல ஒன்னரை ஏக்கரை வித்துத்தான் மகனோட இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினான். கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த ரோஸ் ரூம் நிக்கறது எங்க தங்கச்சி பாகத்து மேல. அதுக்குள்ள இன்னொரு பொண்ணு பேரை ஒட்டியிருக்கோம்.

கிராமத்துல பொண்ணுக்கு ரூமே கிடையாது. பட்டணத்துல ரோஸ் ரூம் உண்டு, பையன் வர்ற வரைக்கும். எனக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. அலங்காரம் பண்றவங்க பண்ணுங்க, வேண்டாம்னு சொல்ல நான் யாரு? சுவத்துல குதிரை வரைங்க, யானை வரைங்க. ஆனா அந்தச் செலவுல பத்துல ஒரு பங்கை எடுத்து ஒரு வக்கீலைப் பாத்து, இந்த வீட்டுல எம் பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு ஒரு உயில் எழுதி வெச்சுட்டு அப்புறம் வரைங்க. மரத்துல வெட்டின எழுத்தைத் திருப்புளி வெச்சு நெம்பினா வந்துடும்.

கெளம்பறப்ப தம்பி மகன்கிட்ட இதைத்தான் சொன்னேன். "பாக்கலாம் பெரீப்பா"ன்னான். அவங்க அப்பன் முன்னாடி வேற என்ன சொல்லுவான்? ஆனா கீழே ஆட்டோ வரைக்கும் வந்து, "அத்தைக்கு எவ்வளவு வரணும் பெரீப்பா?"ன்னு மெதுவாக் கேட்டான்.

ஊருக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். என் பங்குல கிணத்துக்குக் கிழக்கே இருக்கற முக்கால் ஏக்கரை அவ பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதறேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இப்ப எதுக்குங்ணா அதெல்லாம்"னா. வேண்டாம்னு மட்டும் சொல்லல.

மஞ்சள் வெட்டு முடியட்டும், போயி எழுதிடலாம்னு எங்க வீட்டுல சொன்னேன். "மஞ்சள் வெட்டுக்கும் பத்திரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேக்கறா. உள்ரூம்ல இருந்த உர மூட்டையை மட்டும் நேத்து அவளே ஆள் வெச்சு வெளியே எடுத்துப் போட்டுட்டா.