பெயின்ட் பிறகு அடிக்கலாம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மிட்லாண்டில் 1973-இல் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி, வசதியற்றவர்களின் வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். அந்த முயற்சி இன்று ‘ரீபில்டிங் டுகெதர்’ என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது. ஏழை முதியவர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் வீடுகளில் ஒழுகும் கூரையைச் சரிசெய்வது, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, வாசலில் சாய்தளம் அமைப்பது எல்லாம் இதன் வேலை. இத்தகைய அமைப்பின் தலைவருக்கு நிதி திரட்டுவதைவிடக் கடினமானது, நன்கொடையாளரிடம் மறுத்துப் பேசுவது. சுவருக்கு வண்ணமடித்துப் படமெடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். கைப்பிடிக்கு யார் வருவார்? அந்நாட்டில் 65 வயதைக் கடந்தோர் காயத்தால் இறப்பதற்கு முதற்காரணம் கீழே விழுவதுதான். பணம் முதலில் கைப்பிடிக்கும் படிக்கட்டுக்கும் போகட்டும் என்று அடித்துச் சொல்லத் தெரிந்தவரே அந்தப் பதவிக்குத் தகுதியானவர்.