யாருக்கு வாத்தியார்?

செப்டம்பர் 5 வந்தால் மேடை போட்டுச் சொல்கிறார்கள்: ஆசிரியர் வகுப்பறைக்கு வெளியேயும் தலைவராக இருக்க வேண்டுமாம். இதுல இன்னா புதுசு? பல பேர் வெளியே தலைவராகத்தான் இருக்கிறார்கள். சாதிச் சங்கத்துக்குச் செயலாளர், கோயில் கமிட்டிக்குப் பொருளாளர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, ஒரு பகுதியின் பெரும்பான்மைச் சாதிக்காரரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக்கூடாது என்று 2024இல் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. வாத்தியார் எந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா, தோழர்களே?

ஆகவே அவர் வெளியே வந்து யார் பக்கம் நிற்கிறார் என்று மட்டும் கேட்போம்.

பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியர். பாடநூல் எழுதியவர். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர், 1920இல் சட்டசபை உறுப்பினர். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுதச் சொன்ன 1922ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பின்னால் நின்றவர் அவர். தினமும் அட்டெண்டன்ஸ் எடுத்தவருக்குத் தெரியாதா, பதிவேட்டில் இருக்கும் ஒரு சொல் பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்று?

அவருக்குச் சோதனை வந்தது நம்ம வடசென்னையில்தான். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நிர்வாகமும் வெள்ளை அரசும் அதில் குளிர்காய்ந்தது உண்மை. ஆனால் எரிந்த குடிசையைப் பற்றிப் பேசாமல், ‘கருங்காலி’ என்ற ஒரே வார்த்தையில் கணக்கை முடிப்பவர்கள் இன்றும் தொழிற்சங்க மேடைகளில் உண்டு. ஜஸ்டிஸ் கட்சித் தலைமை சேரி மக்கள்மேல் பழி போட்டபோது, அந்தக் கட்சியிலேயே இருந்த ராஜா சேரிப் பக்கம் நின்றார். 1923இல் கட்சியை விட்டும் போனார். 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டு அம்பேத்கருக்கு எதிரே நின்றாரே, அதை நாம் ஏற்க முடியாது. அதற்காகப் புளியந்தோப்பை மறக்கவும் முடியாது.

நம் காலத்துக்கு வந்தால் திண்டிவனம். அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்திய பேராசிரியர் கல்யாணி, இப்போது பிரபா கல்விமணி. அவர் இருளர் அல்ல. 1993இல் அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணைப் புதுச்சேரி போலீசார் வன்கொடுமை செய்தபோது, அந்த வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டார். 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. பொய்க் கேசு, கொத்தடிமை என்று அலைந்ததோடு, சாதிச் சான்றிதழ் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீசு வாசலிலும் அவர் நின்றார். சான்றிதழ் இல்லாத இருளர் பிள்ளைக்கு இடஒதுக்கீடு வெறும் காகிதம். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். உதவித்தொகைக் கணக்கு ஆரம்பிக்கப் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மத்தியானம் வரைக்கும் நகராத ஒரு டீச்சரம்மா செய்கிற அரசியல், எந்த மாநாட்டுத் தீர்மானத்துக்கும் குறைந்ததல்ல.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நவம்பர் 4 பள்ளி திறந்ததும் மறுபடி அதே கதை. கேள்வி கேட்டு வாசலில் கூடியவர்கள் பெற்றோர்கள். அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. எந்தப் பிள்ளை இருமுகிறது, எது வாரத்தில் ரெண்டு நாள் வரவில்லை என்பதெல்லாம் வாத்தியாரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேசைக்கு ஏன் போவதில்லை?

பயம். 17(பி) குற்றக் குறிப்பாணை, தண்டனை இடமாறுதல். சம்பளத்தில் கடன் தவணை ஓடுகிற மனுசனிடம் ‘தியாகம் செய்’ என்று நாம் சும்மா சொல்லிவிட முடியாது. ஆகவே மாணவத் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் இதை முடிவு செய்யட்டும்: குறிப்பாணை வாங்கிய ஆசிரியருக்குப் பதில் எழுதித் தர ஒரு வக்கீல், மாறுதல் உத்தரவு வந்த அன்றே பள்ளி வாசலில் நிற்க ஐம்பது பேர். பெயர் கொடுப்பவர்கள் இந்த இதழ் தோழர்களிடம் கொடுக்கலாம்.