ஆளில்லா ஊருக்கு மேயர் எதற்கு?

காலை நடை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நாலைந்து பென்ஷன்காரர்கள் உட்காருவது வழக்கம். பேச்சு பெரும்பாலும் சர்க்கரை, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள். போன வாரம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பிரான்சில் ஒரு ஆள்கூட வசிக்காத ஆறு ஊர்களுக்கு இன்றும் மேயர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆளே இல்லாத ஊருக்கு மேயராம்! சார், வெள்ளைக்காரனுக்குக் காசு அதிகமாயிடுச்சு. தண்டச் செலவு" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுபது வயதுக்கு மேல் கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்று எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் பிரான்சில் இருக்கிறாள் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தபோது, "அப்பா, உங்களுக்கு ஈஃபில் கோபுரம் வேண்டுமா, வெர்தன் வேண்டுமா?" என்று கேட்டாள். வெர்தன் என்றேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரிவதற்கு முன்னால் மோஸ் நதி எங்கே ஓடுகிறது என்று படித்த தலைமுறை நாங்கள். 1916 பிப்ரவரி 21-ஆம் தேதி ஜெர்மானியர் வெர்தனைத் தாக்கினார்கள், டிசம்பர் வரை சண்டை நடந்தது, இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் மூன்று லட்சம் பேர் செத்தார்கள். இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். ஊர்களைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சண்டையில் ஒன்பது கிராமங்கள் இல்லாமல் போயின. போமோன், பெசோன்வோ, குய்மியேர், துவோமோன், ஃப்ளெரி, ஓமோன், லூவ்மோன், ஓர்ன், வோ. வேண்டுமென்றேதான் ஒன்பதையும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது ஃப்ளெரிக்கு. சண்டைக்கு முன்னால் 422 பேர் இருந்த ஊர். விவசாயம், மரவேலை, இரண்டு மூன்று கடைகள் என்று நம் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் தொடங்கியதும் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். திரும்பி வந்து பூட்டைத் திறக்க வீடு இல்லை. அந்தக் கோடையில் ஊர் 16 முறை கைமாறியதாகக் கணக்கு. காலையில் பிரெஞ்சுக்காரன் பிடிப்பான், மாலையில் ஜெர்மானியன் பிடிப்பான். கடைசியில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

நான் இடிந்த சுவர்களை எதிர்பார்த்துப் போனேன். ஒரு சுவர் கிடையாது. மரங்கள், மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகப் புல் மூடிய தரை. ஒவ்வொரு பள்ளமும் ஒரு குண்டு விழுந்த இடம். நம் ஊரில் செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டுப் போன நிலம் மழைக்காலத்துக்குப் பிறகு எப்படி இருக்கும்? அதே மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஆனால் அந்தப் பள்ளங்களுக்கு நடுவே நடைபாதை போட்டிருக்கிறார்கள். பழைய தெரு எங்கே போனதோ அங்கே பாதை. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள். இங்கே ரொட்டிக்கடை, இங்கே கொல்லன் பட்டறை, இங்கே பள்ளிக்கூடம். என் மகள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் நின்று என்னை ஒரு போட்டோ எடுத்தாள். பின்னால் ஒரு பள்ளமும் இரண்டு மரமும்தான் விழுந்திருக்கிறது. பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, எங்கே பள்ளிக்கூடம்?" என்று கேட்டான்.

சண்டை முடிந்த பிறகு ஜனங்கள் திரும்பி வரத்தான் ஆசைப்பட்டார்கள். மண்ணுக்குள் வெடிக்காத குண்டு, விஷவாயுக் குண்டு, மனித எலும்பு. துப்புரவு செய்கிற செலவு நிலத்தின் விலையை விட அதிகம் என்று கணக்குப் பார்த்து, அரசாங்கமே நிலத்தை வாங்கி, அந்த வட்டாரத்துக்குச் சிவப்பு மண்டலம் என்று பெயர் வைத்து, மரம் நட்டுவிட்டது. இதுவரை எந்த அரசாங்கமும் செய்யக்கூடியதுதான். அடுத்து செய்ததுதான் விஷயம். இந்த ஊர்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடவில்லை. 1919-லேயே சட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குழு அமைத்து, அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். ஓட்டுப்போட ஆள் இல்லை, ஆகவே மாவட்ட ஆட்சியாளர் நியமிக்கிறார். ஒன்பதில் மூன்று ஊர்களின் எல்லைக்குள் பிறகு கொஞ்சம் பேர் குடியேறினார்கள். மற்ற ஆறிலும் இன்று வரை மக்கள்தொகை பூஜ்யம். பூஜ்யம் என்றே அரசாங்கப் பட்டியலில் போடுகிறார்கள். வரியை எடுக்கவில்லை. நான் 'வரி' என்பது பட்டியலில் உள்ள வரி.

நண்பர் கேட்பார், அந்த மேயருக்கு என்னதான் வேலை என்று. நினைவு நாளில் கூட்டம் நடத்துகிறார், நினைவுச் சின்னத்தைப் பராமரிக்கிறார், எங்கள் கொள்ளுத்தாத்தா இந்த ஊர் என்று தேடி வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். அவ்வளவுதானா என்றால், 2013-ல் ஃப்ளெரியில் 26 பிரெஞ்சுச் சிப்பாய்களின் எலும்புகள் கிடைத்தன. சிலரை யார் என்று பெயரோடு கண்டுபிடித்தார்கள். 97 வருடம் கழித்து. எந்த ஊரில் கிடைத்தான் என்று எழுத ஒரு ஊர்ப் பெயர் வேண்டாமா? "காட்டில் கிடைத்தான்" என்று எழுதுவதா?

எங்கள் ஊர் பொல்லாத ஊர். சிரித்த நண்பர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். பிரெஞ்சுக்காரன் நமக்கும்தான் கொம்யூனும் மேரியும் கொடுத்துவிட்டுப் போனான். நாம் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடத்தினோம். அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருடம். 2006-ல் வந்தவர்களுக்கு 2011-ல் பதவிக்காலம் முடிந்தது, இதை எழுதுகிற வரை அடுத்த தேர்தலைக் காணோம். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 2014 மழையில் தானே இடிந்து விழுந்தது. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டோம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. லட்சக்கணக்கில் ஜனம் இருந்தும் மேயர் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஜனம் இல்லாத ஊருக்கு மேயர் எதற்கு என்று சிரிக்கிறோம்.

பிரான்சைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களிடமும் கணக்கு வேறு வேறு உண்டு. தெற்கே வார் மாவட்டத்தில் ப்ரோவேஸ் என்று ஒரு கிராமம். ராணுவப் பயிற்சி முகாமுக்கு இடம் வேண்டும் என்று 1970-களில் ஊரை எடுத்துக்கொண்டார்கள். 1974-ல் ஜனங்களை வெளியேற்றி, அதே கையோடு கொம்யூனையும் கலைத்துப் பக்கத்துச் செயான் என்ற ஊரோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே வீடுகளின் சுவராவது நிற்கிறது, மாதாகோவில் நிற்கிறது. ஃப்ளெரியில் ஒரு கல்லின் மேல் கல் இல்லை, மேயர் இருக்கிறார். ப்ரோவேஸில் ஊரே எலும்புக்கூடாக நிற்கிறது, மேயர் இல்லை. எதிரி அழித்தால் தியாகம், நாமே காலி செய்தால் கோப்பு முடிந்தது. இதில் அரசாங்கங்களுக்குள் மொழி வித்தியாசமே கிடையாது.

நம் பக்கத்து மாவட்டத்து ரெவின்யூ ஆட்கள் ஆளில்லாத கிராமத்தைப் 'பேசிராக்' என்பார்கள். பாரசீகச் சொல். 'சிராக்' என்றால் விளக்கு. விளக்கு எரியாத ஊர் என்று அர்த்தம். எந்த முன்ஷி வைத்த பெயரோ. 2011 சென்சஸில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம் கிராமங்களில் நாற்பதாயிரத்துக்கும் மேலே ஆளில்லாதவை. அவற்றையும் ஒரு எண் கொடுத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது வருவாய்க் கிராமத்துக்கு மட்டும். அதற்குள் இருக்கும் குக்கிராமம், குப்பம், மேடு, தோப்பு இவற்றுக்கு எந்த எண்ணும் இல்லை. ஒரு குமாஸ்தாவின் பேனாதான் அவற்றுக்கு எமன்.

அந்தப் பேனாவை நானும் பிடித்திருக்கிறேன். எண்பதுகளில் ஒரு அலுவலகத்தில் எனக்குக் குடியிருப்புப் பட்டியலைத் திருத்துகிற வேலை வந்தது. பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்பதால் பழைய ஏடுகளோடு ஒப்பிட வேண்டிய வேலையெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பழைய ஏட்டில் கிராமத்தை 'அல்தே' என்று எழுதியிருப்பார்கள், போர்த்துக்கீசியரிடம் வாங்கிய சொல். அழகான சாய்ந்த எழுத்து. வீடும் வாக்காளரும் இல்லாத குடியிருப்புகளை நீக்கலாம் என்பது எனக்கு வந்த வாய்மொழி உத்தரவு. ஓர் இடத்தை நேரில் போய்ப் பார்த்தேன். கிணறு உப்பாகிவிட்டது, பஸ் போகும் சாலைப் பக்கம் ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். ஒரு புளியமரம், மஞ்சள் பூசின ஒரு பிடாரிக் கல், நாலு குட்டிச்சுவர். யாரோ அன்றைக்கும் கல்லுக்குப் பூ வைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கு வந்து சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். டீ வந்தது, குடித்தேன்.

மூன்று நான்கு வருடம் கழித்து ஒரு பாட்டி வந்தார். மகன் கூட வந்திருந்தான். பிறந்த ஊருக்கு அத்தாட்சி வேண்டும். கையில் பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் நகல். அதில் அந்த அல்தேயின் பெயர் இருந்தது. எங்கள் பட்டியலில் இல்லை. எனக்கு எதிர் மேசைக்காரர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு ஊரே இல்லையேம்மா" என்றார். பாட்டி கோபப்படவில்லை. "இல்லாமலா என்னை அங்க பெத்தாங்க, தம்பி?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து போய், அந்த ஊர் இருந்தது, நான்தான் எடுத்தேன், பழைய ஏட்டில் இருக்கிறது, காட்டுகிறேன் என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் யார் உத்தரவு என்று கேள்வி வரும், எழுத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பெரிய கிராமத்தின் பெயரைப் போட்டு ஏதோ ஒரு சான்று கொடுத்து அனுப்பினார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. மகன் படித்துச் சொல்லியிருப்பான்.

கடற்கரைச் சாலையில் நாங்கள் உட்காரும் இடத்துக்கு எதிரில்தான் பிரெஞ்சுக்காரர் கட்டிய போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த நம் ஊர்க்காரர்களுக்கு. ஜூலை 14-க்கு விளக்குப் போடுவார்கள். நண்பர் சிரித்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிப்பாய்கள் ஏதாவது ஒரு அல்தேயில் பிறந்தவர்கள்தானே. அதில் எத்தனை இப்போது பட்டியலில் இருக்கிறதோ.

ஃப்ளெரியில் இருந்து திரும்பும்போது காரில் மகள் கேட்டாள், "ஏம்ப்பா பேசாம வர்றீங்க?" என்று. அந்தப் பாட்டியின் ஊர்ப் பெயரை யோசித்துக்கொண்டு வந்தேன். புளியமரம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஏட்டில் அந்தப் பெயரின் முதல் எழுத்தை எவ்வளவு சுழித்து எழுதியிருந்தார்கள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பெயர் வரவில்லை. இன்று வரை வரவில்லை. வெர்தன் பக்கத்து ஊர் ஒன்பதின் பெயரையும் பார்க்காமல் எழுதுகிறேன், நானே கோடு போட்ட ஊரின் பெயர் எனக்கு வரவில்லை.

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட, இப்போது ஆளில்லாத குடியிருப்புகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். எந்த ஏரிக்கு எந்தப் பக்கம், என்ன கோவில், கிணறு எங்கே இருந்தது என்று தெரிந்த மட்டும் போதும். ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.