படத்தில் நீலம், பார்சலில் பச்சை!

"படத்துல ஒண்ணு, பார்சல்ல ஒண்ணு" என்று புலம்பாதவர் நம் விடுதியில் யாராவது உண்டா? நானும் புலம்பியவன்தான். ஆனால் இங்கே விற்கிறவர் பக்கம் நின்று கொஞ்சம் பேசப் போகிறேன்.

என் சித்தப்பா தறி நெய்கிறவர். அவருடைய புடவைகளை விற்கச் சென்ற ஆண்டு ஒரு சிறிய இணையதளம் செய்து கொடுத்தேன். "நீதான்டா படிக்கிறவன், படமும் நீயே எடு" என்றார். எங்கள் வீட்டில் படிப்பவன் நான் ஒருவன்தான், மறுக்க முடியுமா? முதல் வாரமே ஒரு மயில்கழுத்துப் புடவை திரும்பி வந்தது. படத்தில் நீலம், கையில் பச்சை என்பது வாங்கிய அம்மாவின் புகார். போக வர கூரியர் செலவு சித்தப்பா தலையில்! அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா சொன்னதும் நிஜம், என் படமும் நிஜம். மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் வேறொன்று. கடையில் நம் அம்மாமார் புடவையை இப்படியும் அப்படியும் திருப்பி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? அத்தனை திருப்பலையும் ஒரே படத்தில் அடக்க நினைத்தது என் தப்பு. அதுவும் ராத்திரி டியூப்லைட்டில் எடுத்த படம்!

இப்போது காலையில் ஜன்னல் ஓரம் எடுக்கிறேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, அது வெள்ளையாகத் தெரியும்படி கேமராவைச் சரிசெய்கிறேன். முழுப் புடவை, முந்தானை, கரை, பின்பக்கம் என்று தனித்தனிப் படம். இரட்டை நிறமென்றால் சாய்த்து இன்னொன்று. அப்படியும் ஒவ்வொரு செல்போன் திரையும் ஒவ்வொரு மாதிரி காட்டும் என்பதால் நிறத்தை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்து, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கும் உதவும்.

நம்மில் பலர் புராஜெக்டுக்குக் கடை இணையதளம் செய்கிறோம். நிரலுக்கு ஒரு மாதம், படங்களுக்குக் கடைசி ராத்திரி! செல்போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றுகிறோம். பக்கத்துக்கு 40 படம் என்றால் 160 எம்பி. எங்கள் ஊர் சிக்னலில் அது திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அகலத்தை 1200 பிக்சலாக்கி, ஜேபெக்கில் சுருக்கினால் பெரும்பாலும் 200 கேபி அளவில் முடிந்துவிடும். கோப்புக்குப் புடவை எண்ணையே பெயராக வையுங்கள். இல்லாவிட்டால் விற்றுப்போன புடவையின் படம் தளத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். (எனக்கு இரண்டு முறை நடந்தது.)

"நெட்டுல நல்ல மாடல் படம் கிடக்குதே, எடுத்துப் போடேன்" என்றான் ஒரு நண்பன். கூடவே கூடாது என்பேன். புகைப்படத்துக்கும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அது போகட்டும், அந்தப் படத்தில் இருப்பது சித்தப்பா நெய்த புடவையே இல்லையே! ஃபில்டர் போட்டுப் பளபளப்பாக்குவதும் இதற்குத் தம்பிதான். விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் விற்றவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பெரிய கம்பெனிக்கு அது கணக்கில் ஒரு வரி. தறிக்காரருக்கு அது அந்த வாரத்துக் கூலி.

திரும்பி வந்த புடவையை இரண்டு கோணத்தில் எடுத்து, "வெயிலில் நீலம், நிழலில் பச்சை" என்று எழுதிப் போட்டேன். பத்து நாளில் போய்விட்டது, திரும்பி வரவில்லை. "அரக்குக்கும் ரெண்டு படம் வேணுமாடா?" என்று சித்தப்பா கேட்டார். பாவும் ஊடையும் ஒரே நிறம்தானே, அதற்குச் சாய்த்து எடுக்க வேண்டாம் என்றேன்.