மாரடைப்புக்குக் குணமா காரணம்?

நம்பிக்கையோடு வாழும் மூத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு. ஆகவே மனப்போக்கை மாற்றினால் இதயம் பிழைக்கும் என்பது பரவலான வாதம். இதன் முதல் பாதிக்கு ஆதாரம் உண்டு. இரண்டாம் பாதிக்கு இல்லை.

ஆதாரம், அமெரிக்காவின் ‘பெண்கள் நல முன்னெடுப்பு’ ஆய்விலிருந்து 2009-இல் வந்தது. மாதவிடாய் நின்ற 97,000-க்கும் மேற்பட்டோரை எட்டாண்டுகள் தொடர்ந்ததில், நம்பிக்கை மிகுந்தோரிடம் இதயத் தமனி நோய் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் இரண்டாம் பாதியை ஏற்க மூன்று தடைகள். ஒன்று: நம்பிக்கை மிகுந்தோரிடம் புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவையும் குறைவு. புள்ளியியல் திருத்தம் அளந்தவற்றை மட்டுமே சரிசெய்யும். அளக்காதவற்றை?

இரண்டு: மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குபவரிடம் உற்சாகம் எங்கிருந்து வரும்? நோயே மனத்தைச் சோர்வாக்குகிறது. 2016-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரிட்டனின் ‘பத்து லட்சம் பெண்கள்’ ஆய்வில், முந்தைய உடல்நிலையைக் கணக்கில் சேர்த்ததும் மகிழ்ச்சியின்மைக்கும் மரணத்துக்குமான தொடர்பு மறைந்தது.

மூன்று, இதுவே முக்கியம்: தொடர்பு இருப்பதாலேயே சிகிச்சை பலித்துவிடாது. உதாரணமாக, மாதவிடாய் நின்றோர் உட்கொள்ளும் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காப்பதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் பல காட்டின. ஆனால் அதே ‘பெண்கள் நல முன்னெடுப்பு’ நடத்திய ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்டின் சோதனை 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அந்தப் பாதுகாப்பு தென்படவில்லை. மாரடைப்பு கண்டோரின் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தந்த 2003-ஆம் ஆண்டுச் சோதனையில் சோர்வு தணிந்தது; மறு மாரடைப்போ மரணமோ குறையவில்லை.

மனச்சோர்வு சிகிச்சைக்குரியது, அதன் துயரத்துக்காகவே. ஆனால் இதய நோயைக் குணத்தின் கணக்கில் எழுதுவது கொடுமை. பெண்களின் மாரடைப்பு மூச்சிரைப்பு, குமட்டல், களைப்பு என்றும் வெளிப்படும். அதைப் ‘படபடப்புக் குணம்’ என்று ஒதுக்கினால் இசிஜி எடுக்க வேண்டிய நேரம் வீணாகிறது.