முதலில் தண்டனை, பிறகு விசாரணை

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் 3 வருடங்களுக்கென்றே கொண்டுவரப்பட்டது. 1982 இல் நிரந்தரமாயிற்று. அன்று தமிழ் இளைஞரைத் தேடிப்போன அது, 2019 க்குப் பின் நம் வீட்டுக் கதவையும் தட்டிற்று.

ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' தொகுதியின் பேரில் 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை; 2023 டிசம்பரில் நிரபராதியென விடுதலை. பறிபோன 19 மாதங்களை எந்தத் தீர்ப்பு மீட்டுத்தரும்?

தடுத்துவைக்க நீதிபதி வேண்டியதில்லை. அமைச்சரின் கையொப்பம் போதும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 18 மாத உச்ச வரம்பை 12 ஆக்கியது, கையொப்பத்தைத் தொடவில்லை. அந்த அதிகாரம் நீடிக்குமானால், சட்டத்தின் பெயரை மாற்றி என்ன பயன்?

வினாயகபுரமும் கல்முனையும் ஒரே குரலில் கேட்கவேண்டும்: குற்றமிருந்தால் வழக்குத் தொடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.